ஆறாம் கட்டிலின் பிறந்த தேதி

"பேர் சொல்லுங்க."

டீச்சர் பெயரைச் சொன்னார்.

"பிறந்த தேதி?"

டீச்சர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஆறாம் கட்டிலில் இருந்த டீச்சருக்குப் பித்தப்பையில் கல். ஒரு மாதமாக வலியில் துடித்துவிட்டு, கடைசியில் இன்றைக்குத்தான் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்திருந்தது. தியேட்டருக்குப் போகுமுன் ஒரு மாத்திரை உள்ளே போயாக வேண்டும். மாத்திரை உள்ளே போக வேண்டுமானால் பிறந்த தேதி வெளியே வந்தாக வேண்டும். சிஸ்டர் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் ஒரு மடக்குத் தண்ணீருமாக நின்றாள்.

"பேர்தான் சொல்லிட்டேனே, போதாதா?"

"போதாது டீச்சர். தேதியும் வேணும். உங்க வாயால வேணும்."

இந்த விஷயத்தில் சிஸ்டரை யாராலும் அசைக்க முடியாது. நோயாளி தன் பெயரையும் பிறந்த தேதியையும் தானே சொல்ல வேண்டும். அது கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டையோடு பொருந்த வேண்டும். அப்புறம்தான் மாத்திரை, ஊசி எல்லாம். பட்டையைப் படித்துவிட்டு "இது நீங்கதானே?" என்று கேட்பதெல்லாம் அவளிடம் நடக்காது. காய்ச்சலில் கிடப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய எனிமாவை, தாடை வீங்கிப் படுத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் தாடை வலியை அடியோடு மறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியே சிரித்தது. சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எனிமாவுக்குப் பதில் வேறு மருந்தாக இருந்திருந்தால் என்று நினைத்து அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்தாள்.

அதிலிருந்து, சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை கேட்பாள். சந்தேகம் வராவிட்டாலும் இன்னொரு தடவை கேட்பாள். வார்டில் அவளுக்கு 'இன்னொருதடவை' என்றே பட்டப்பெயர். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

அவளுக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. நோயாளி சொன்னது நோயாளியோடு. வெளியே ஒரு வார்த்தை போகாது. இத்தனை வருஷ வேலையில் இந்த இரண்டு கொள்கைகளும் ஒற்றுமையாகவே இருந்து வந்திருந்தன. இன்று காலைதான் ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்தன.

"தேதிதானே சிஸ்டர்? இதுக்கு ஏன் அவளைச் சிரமப்படுத்துறீங்க? நான் சொல்றேன்."

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த டீச்சரின் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்து ஓய்வெடுத்தவர். குள்ளமான, சுறுசுறுப்பான மனிதர். மடியில் ஒரு துணிப்பை. தேதி, மாதம், வருஷம் என்று திருத்தமாகச் சொன்னார்.

சிஸ்டர் டீச்சரின் பட்டையைப் பார்த்தாள். தேதி சரி. மாதம் சரி. வருஷத்தில் மூன்று உதைத்தது. பட்டையின்படி டீச்சருக்கு மூன்று வயது கூடுதல்.

டீச்சரின் கை மெல்லப் போர்வைக்குள் போய் ஒளிந்தது. கண்கள் மட்டும் சிஸ்டரைக் கும்பிட்டன.

"ஐயா, பேஷண்ட்தான் சொல்லணும்."

"நாப்பது வருஷமா குடித்தனம் நடத்துறேன். நான் சொன்னா செல்லாதா?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "சரி, நீயே சொல்லிடும்மா. வயசுல மூத்தவன் சொல்றேன், கேளு."

கல் வலி வந்தபோதுகூட டீச்சரின் முகம் அப்படிச் சுருங்கவில்லை.

இது அவர் எடுத்ததற்கெல்லாம் சொல்லும் வாசகம். நேற்று மாலையிலிருந்து சிஸ்டர் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜன்னலைச் சாத்து, வயசுல மூத்தவன் சொல்றேன். தலையணையை இந்தப் பக்கம் வை, வயசுல மூத்தவன் சொல்றேன். பார்வையாளர் சீட்டில் வயது எழுத வேண்டிய இடத்தில் 'மூத்தவன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஆயாம்மா நேற்றே வந்து அங்கலாய்த்திருந்தாள்.

அவரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பினால் போதும். பொய் சொல்லி அனுப்புவது சிஸ்டருக்குப் பிடிக்காது. எனவே நேராகவே சொன்னாள்.

"ஐயா, கொஞ்சம் வெளியே இருங்க. நான் இவங்ககிட்ட தனியா பேசணும்."

ஆஸ்பத்திரியில் இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? கடிகாரக்காரரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போயிற்று. எழுந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

சிஸ்டர் திரையை இழுத்தாள்.

"சிஸ்டர்," டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நான் அவரைவிட ஒரு வயசு மூத்தவ."

"ஓ!"

"எங்கப்பா பண்ணின வேலை. மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு சின்னவளா இருக்கணும்னாங்க. மூணு வயசைக் கழிச்சுட்டாரு. நான் கணக்கு டீச்சர். ஊர்ப் பிள்ளைங்க கணக்கையெல்லாம் திருத்தினேன். என் கணக்கை மட்டும் திருத்தவே இல்லை."

"ஆனா பட்டையில சரியான தேதிதானே இருக்கு?"

"அட்மிஷன் போட நான் தனியா வந்தேன். பொய் சொல்ல முடியலை. ஆஸ்பத்திரியில போய் வயசை மாத்திச் சொன்னா மருந்து மாறிடும்னு பயம்."

"அந்த மட்டும் நல்லது. அவருக்குத் தெரிஞ்சா கோபப்படுவாரா?"

"கோபமா? அவருக்குக் கோபப்படவே தெரியாது." டீச்சர் திரையைப் பார்த்தார். "சம்பளத்துல நான் அதிகம். படிப்புல நான் அதிகம். உயரத்துலகூட நான்தான். அந்த மனுஷனுக்குன்னு இருக்கிறது இந்த வயசு ஒண்ணுதான் சிஸ்டர். அதையும் பிடுங்கிட்டா அவருக்கு என்னதான் மிச்சம்? அதனாலதான் நாப்பது வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டிருக்கேன்."

சிஸ்டருக்கு மனசு இளகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் புருஷனின் கவுரவத்துக்காக ஒருத்தி மாத்திரையே வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டிருப்பதை அவள் பார்த்ததில்லை. இந்த ரகசியத்தைக் காப்பாற்றியே தீருவது என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

"கவலைப்படாதீங்க. என் வாயிலிருந்து வராது. இப்போ தேதியைச் சொல்லுங்க."

டீச்சர் முணுமுணுத்தார். பட்டையோடு பொருந்தியது. மாத்திரை உள்ளே போயிற்று. இரண்டு கொள்கைகளும் சமாதானமாயின. சிஸ்டர் நிமிர்ந்த தலையோடு திரையை விலக்கினாள்.

கடிகாரக்காரர் திரைக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"என்ன சிஸ்டர் விஷயம்?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க."

"சொல்ல முடியாத அளவுக்கா?"

"ஐயா, பயப்பட ஒண்ணுமே இல்லை."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகும் பயப்படாத சொந்தக்காரரை உலகத்தில் எங்கும் பார்க்க முடியாது. கடிகாரக்காரர் வராந்தாவுக்கு ஓடி மகளுக்குப் போன் போட்டார்.

"உடனே கிளம்பி வா. அம்மாவுக்குக் கல்லு இல்லையாம். அதுக்கும் மேல ஏதோ இருக்காம். நர்ஸம்மா வாயே திறக்க மாட்டேங்குறாங்க."

அடுத்து ஊசி போடும் நேரத்துக்குள் மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். அவர்களோடு அடுத்த வீட்டுக்காரம்மாவும் வந்திருந்தாள். துக்க வீட்டுக்கு எது வேண்டியிருக்கும் என்று தெரிந்தவள் மாதிரி பெரிய ஃபிளாஸ்க் நிறையக் காப்பி கொண்டு வந்திருந்தாள்.

"சிஸ்டர், எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்," என்றாள் மகள், தாங்க முடியாமல் அழுதுகொண்டே.

"அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. அதை எடுக்கப் போறோம். அவ்வளவுதான்."

"கல்லுக்குப் போய் அப்பாவை வெளியே அனுப்புவாங்களா?"

அம்மாவைக் கேளுங்கள் என்றாள் சிஸ்டர். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கூரையைப் பார்த்தார்.

"பாருங்க, அத்தை பேசக்கூட மாட்டேங்குறாங்க," என்றார் மருமகன். அடுத்த வீட்டுக்காரம்மா காப்பியை ஊற்ற ஆரம்பித்தாள்.

ஊசிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஊசி என்றால் மறுபடி பெயர், மறுபடி தேதி. இன்னொரு முறை எல்லோரையும் வெளியே அனுப்பினால் வார்டிலேயே ஒப்பாரி எழுந்துவிடும். சிஸ்டர் யோசித்தாள். குனிந்து தன் காதை டீச்சரின் வாயருகே கொண்டுபோனாள்.

"காதுல சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் காதில் சொன்னார். பட்டையோடு பொருந்தியது. ஊசி போட்டாயிற்று. சிஸ்டர் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே நிமிர்ந்தபோது, கடிகாரக்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"நாப்பது வருஷமா என்கிட்ட சொல்லாததை உங்க காதுல சொல்றாளா?"

"அப்பா, சும்மா இருங்கப்பா," என்றாள் மகள்.

"யாரும்மா அது?" அவர் மனைவியிடம் குனிந்தார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி யாராவது... பரவாயில்லைம்மா. எதுவா இருந்தாலும் நான் மன்னிச்சுட்டேன். வயசுல மூத்தவன் சொல்றேன், கேளு."

டீச்சர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வை குலுங்கியது. அழுகிறார் என்று அடுத்த வீட்டுக்காரம்மா விளக்கம் சொன்னாள். அது சிரிப்பு என்பது சிஸ்டருக்கு மட்டும் தெரிந்தது.

இதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. ஆயாம்மா முன்னால் தள்ள, சிஸ்டர் பக்கத்தில் நடக்க, பின்னால் குடும்பம் முழுவதும் ஊர்வலமாக வந்தது. தியேட்டர் வாசல் கண்ணில் பட்டபோதுதான் சிஸ்டருக்குப் பகீரென்றது.

தியேட்டர் வாசலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே அனுப்புமுன் தியேட்டர் நர்ஸ் கதவைத் திறந்து நின்று, சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி, நோயாளியைப் பெயரும் பிறந்த தேதியும் சொல்லச் சொல்வாள். ஆள் மாறியிருந்தால் சொந்தக்காரர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஏற்பாடு. அருமையான ஏற்பாடு என்று மேட்ரனே மீட்டிங்கில் பாராட்டினார். அந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தது வேறு யாருமல்ல, இன்னொருதடவைதான்.

தியேட்டர் நர்ஸ் கதவைத் திறந்தாள். அவளுக்குக் கடவுள் கொடுத்த குரல் மூன்றாம் மாடி வரை கேட்கும்.

"பேர் சொல்லுங்கம்மா! பிறந்த தேதி சொல்லுங்க!"

டீச்சர் பெயரைச் சொன்னார். கணவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, கடிகாரக்காரர் காலையில் சொன்ன அதே தேதியை, அதே வருஷத்தோடு, தெளிவாகச் சொன்னார்.

"கரெக்ட்!" என்றார் கடிகாரக்காரர்.

"கரெக்ட் இல்லை," என்றாள் தியேட்டர் நர்ஸ், பட்டையைப் புரட்டியபடி. "பட்டையில இருக்கிற தேதி வேற. இது வேற ஆளு. திருப்பிக் கொண்டு போங்க."

"வேற ஆளா?" கடிகாரக்காரர் துள்ளினார். "நாப்பது வருஷமா இவகூடத்தான் குடித்தனம் நடத்துறேன்! எனக்குத் தெரியாதா இவ யாருன்னு?"

"பேஷண்ட் மாறிடுச்சாம்!" அடுத்த வீட்டுக்காரம்மா வராந்தா முழுவதற்கும் அறிவித்தாள்.

"அப்போ எங்கம்மா எங்கே?" என்று மகள், அம்மாவின் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே அலறினாள்.

சத்தம் கேட்டு மேட்ரன் வந்தார். அவருக்குப் பின்னால் தியேட்டருக்குள்ளிருந்து சர்ஜனின் குரலும் வந்தது. இப்போதே வந்தால் சரி, இல்லாவிட்டால் அடுத்த நோயாளியை எடுத்துவிடுவேன், இந்தம்மாவுக்கு இனி அடுத்த மாதம்தான் என்றார். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு மாதம் அந்த வலியா என்று சிஸ்டர் நினைத்தாள்.

மேட்ரன் அவளைச் சுவரோரம் இழுத்துப் போனார்.

"உனக்கு இவங்களை நல்லாத் தெரியும்தானே? நேத்திலிருந்து நீதான் பார்க்கிறே. இவங்கதான்னு நீயே சொல்லிடு. நான் உள்ளே அனுப்பச் சொல்றேன்."

"மாட்டேன் மேடம்."

"ஏம்மா?"

"எனக்குத் தெரியும்னு நான் சொல்லலாம். நாளைக்கு இன்னொருத்தி, தெரிஞ்ச மாதிரி இருக்குன்னு சொல்லுவா. அப்புறம் மறுபடியும் எவனாவது தாடை வலிக்காரன் மாட்டிப்பான்."

"சரி, அப்போ தேதி ஏன் மாறுதுன்னாவது சொல்லு."

"அதையும் சொல்ல மாட்டேன் மேடம்."

மேட்ரன் அவளையே பார்த்தார். திட்டுவதா பாராட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. சிஸ்டர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. தப்பு என் மேல. கூட்டத்துக்கு நடுவுல வச்சு ஒரு மனுஷியோட சொந்த விஷயத்தைக் கேக்கிற வழக்கத்தைக் கொண்டு வந்ததே நான்தான். இந்த நிமிஷத்திலிருந்து அதை மாத்துறேன். இனிமே கேக்கிறது எல்லாம் கதவுக்கு உள்ளேதான். நீங்க எல்லாரும் பெஞ்சுல உக்காருங்க."

"வயசுல மூத்தவன்..." என்று ஆரம்பித்தார் கடிகாரக்காரர்.

"உக்காருங்க ஐயா!"

அவர் உட்கார்ந்தார். ஆயாம்மா ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினாள். கதவு சாத்தப்பட்டது. சிஸ்டர் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே மிக மெதுவான குரலில், இன்னொரு தடவை கேட்டாள். டீச்சர் உண்மையைச் சொன்னார். பட்டையிலும் அதுவே. அட்மிஷனில் காட்டிய அடையாள அட்டையை வரவழைத்துப் பார்த்தார்கள், அதிலும் அதுவே. புகைப்படத்தில் மூக்குக் கண்ணாடியோடு இருந்ததும் டீச்சரேதான். தியேட்டர் நர்ஸ் எல்லாம் புரிந்த மாதிரி சிரித்தாள். அந்தக் குரலாலும் ரகசியம் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"போங்க டீச்சர், யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

சிஸ்டர் வெற்றியோடு வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் கடிகாரக்காரர் எழுந்தார். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்ற பயத்தில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி உட்காரப் போனார். பெஞ்சு இருந்த இடம் வேறு, அவர் உட்கார்ந்த இடம் வேறு.

காலையிலிருந்து அந்த மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். மனைவி வெறும் வயிற்றில் இருக்கும்போது தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று அடுத்த வீட்டுக்காரம்மாவின் காப்பியையும் தொடவில்லை. டியூட்டி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். டிரிப்ஸ் ஏற்றி, பிரஷர் மாத்திரை ஒன்று கொடுத்து, சாயங்காலம் வரை படுக்க வைக்கச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்தவர்களைக் கவனிக்கும் அறையில்தான் இடம் இருந்தது; அவரை அங்கே படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்கே கொஞ்ச நேரத்தில் டீச்சரையும் கொண்டு வந்து கிடத்தினார்கள். கல் நல்லபடியாக வெளியே வந்துவிட்டது. மயக்கம் தெளிந்ததும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "அவர் சாப்பிட்டாரா?"

"பக்கத்துலதான் படுத்திருக்கார். பிரஷர் கொஞ்சம் ஏறிடுச்சு, அவ்வளவுதான். நீங்க தூங்குங்க."

"சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"

"மூச்சு விடலை."

டீச்சர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். சிஸ்டருக்கு அன்றைய சம்பளம் அந்த முகத்திலேயே கிடைத்துவிட்டது. நோயாளிக்கும் ஆபத்து வரவில்லை, ரகசியத்துக்கும் ஆபத்து வரவில்லை. இப்படி ஒரு நாளைச் சமாளித்தவள் இனி எதையும் சமாளிப்பாள். அவள் பிரஷர் மாத்திரையோடு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

கடிகாரக்காரரின் கையிலும் இப்போது ஒரு புதுப் பட்டை. அவர் மயங்கிக் கிடந்தபோது ஆயாம்மா துணிப்பையைத் துழாவி, அடியில் கைக்குட்டைக்குள் சுற்றி வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்து, அட்மிஷன் போட்டிருந்தாள்.

"பேர் சொல்லுங்க ஐயா."

சொன்னார்.

"பிறந்த தேதி?"

அவர் மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேதி, மாதம், வருஷம் என்று கணீரென்று சொன்னார். சிஸ்டர் பட்டையைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆயாம்மா வேறு யார் பட்டையையோ கட்டிவிட்டாளா?

"ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க. இதுல வருஷம் மூணு தள்ளி..."

கடிகாரக்காரர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். எட்டித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். தூங்கும் மனைவியின் மூச்சுச் சத்தம் சீராக வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டார். பிறகு கிசுகிசுத்தார்.

"மெதுவா கேளுங்க சிஸ்டர், மூணு வயசைக் கூட்டிச் சொல்லித்தான் நான் இவளைக் கட்டினேன், நிஜத்துல இவ என்னைவிட ஒரு வயசு மூத்தவ, தெரிஞ்சா பாவம், தாங்க மாட்டா!"